ஆமாவா, இல்லையா?

அத்தியாயம் 11

காலை ஒன்பதே முக்காலுக்கே தொழிலாளர் நீதிமன்றத்து வராந்தா நிரம்பிவிட்டது. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார்கள். பாப்பா கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களை விலக்கி உள்ளே போனாள்.

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிடுவது வீட்டில் மட்டும்தான். கடைசிப் பெண். இந்த வராந்தாவில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. கத்தரி. சாட்சி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள், "ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று நறுக்கிவிடுவாள். வேலையை விட்டு நீக்கியவர் வழக்குப் போட்டுவிட்டார் என்றால், முதலாளிகள் முதலில் விசாரிப்பது கத்தரிக்கு நேரம் இருக்கிறதா என்றுதான்.

பதினெட்டு வருஷமாக யார் யாருக்கோ நின்றிருக்கிறாள். சொந்த அண்ணனுக்காக நிற்பது இதுதான் முதல் தடவை.

அவள் கணவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "குடும்பத்து வழக்கைக் குடும்பத்து ஆள் நடத்தாதே. ஜெயிச்சாலும் சங்கடம், தோத்தாலும் சங்கடம்."

அண்ணன் விடவில்லை. "வெளியாளை வச்சா லேபோட மானம் ஊர் பூரா நாறிடும் பாப்பா. நீன்னா வீட்டோட போயிடும்."

அப்பா ஆரம்பித்த ரத்தப் பரிசோதனை லேப் அது. அங்கே எல்லாருக்கும் அவர் பெரியவர். இப்போது அண்ணன் நடத்துகிறான். அங்கே பதினாலு வருஷம் வேலை பார்த்தவள் ஊசியக்கா. ஊசி ஏறியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று நோயாளிகள் வைத்த பெயர் அது. கடைசியில் லேப் ஆட்களுக்கும் அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிற்று.

ரத்தத்தை எண்ண மெஷின் இருக்கிறது. ஆனால் சில ரத்தத்தைப் பார்த்து மெஷினே தயங்கும். 'சந்தேகம், கண்ணால் பார்க்கவும்' என்று சிவப்பில் காட்டும். அப்போது ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ஊசியக்காவின் பொறுப்பு.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு 'எல்லாம் இயல்பு' என்று ரிப்போர்ட் போனது. மூன்று மாதம் கழித்து மூக்கில் ரத்தம் கொட்டி அந்த டீச்சர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் பழைய தகட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எப்படி விட்டீங்க? முதல் பார்வையிலேயே தெரியுதே" என்றார்.

அண்ணன் பதறிப்போய் அந்த மூன்று மாதத்துத் தகடுகளை எல்லாம் வேறொரு லேபுக்கு அனுப்பினான். முப்பத்திரண்டில் இருபத்தேழு தப்பு. பல ரிப்போர்ட்டுகளில் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. தகட்டைப் பார்க்காமலேயே மனசுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறார்கள் என்றது அந்த லேப். எல்லாம் ஊசியக்காவின் பாஸ்வேர்டில் ஏறியிருந்தது.

அன்று சாயங்காலமே வேலை நீக்கம். காரணம், மோசடி. உள்விசாரணை கிடையாது, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூடக் கிடையாது. அண்ணனின் அவசரம்தான் இந்த வழக்கின் ஓட்டை.

"விசாரிக்காம நீக்கிட்டீங்க. சரி, அவங்க மோசடி பண்ணாங்கன்னு இங்கே நிரூபிங்க" என்று நீதிபதி போன வாரம் சொல்லிவிட்டார். நிரூபிக்க இரண்டே நாள். இன்றும் நாளையும். தகடு பார்த்ததெல்லாம் ஊசியக்காதான் என்று சாட்சி சொல்ல முதலில் கூண்டேற வேண்டியவர் அப்பாதான். உடம்பு சரியில்லை என்று அண்ணன் ஒரு நாள் கேட்டு வாங்கியதால், இன்று ஊசியக்காவின் முறை.

*

கூண்டில் ஏறிய ஊசியக்காவைப் பாப்பா ஏறிட்டுப் பார்த்தாள். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். விரல் நுனிகளில் எப்போதும் இருக்கும் ஊதாச் சாயக் கறை முற்றிலும் போயிருந்தது. அந்தக் கை யாருடையதோ மாதிரி இருந்தது.

பாப்பாவின் பிள்ளை பிறக்குமுன் மாதாமாதம் ரத்தம் எடுத்தது அதே கைதான். அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இந்த பாஸ்வேர்டு உங்களோடதா?"

"ஆமா."

"இதை வேற யாருக்காவது கொடுத்தது உண்டா?"

"இல்ல."

"அப்போ இந்த முப்பத்திரண்டு ரிப்போர்ட்டையும் டைப் பண்ணது நீங்கதான்."

"டைப் பண்ணது நான்தான். ஆனா..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"தகட்டைப் பார்த்து ரிசல்ட் எழுத வேண்டிய பொறுப்பு யாரோடது?"

"எழுத்துப்படி என்னோடது."

"எழுத்துப்படி, பேச்சுப்படின்னு ரெண்டு வச்சிருக்கீங்களா உங்க லேப்ல?"

பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. ஊசியக்கா கூண்டின் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலாம் தேதி மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரைக்கும் எங்கே இருந்தீங்க?"

"வீட்டுக்குப் போயிருந்தேன்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்க வைக்க. ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு ஆறு வருஷமாப் படுக்கையில இருக்கார். புரட்டலைன்னா முதுகு புண்ணாயிடும். தினமும் போவேன். பெரியவர்தான் போயிட்டு வான்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். அப்போ அந்த ஒரு மணி நேரம் நீங்க மைக்ராஸ்கோப் பக்கத்துல இல்ல. ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"இரண்டு முப்பத்தஞ்சுக்கு ரிப்போர்ட் ஏறியிருக்கு. ஒண்ணில்ல, அஞ்சு. ஒரு தகட்டை ஒழுங்காப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம். சந்தேகம்னா இருபது."

"வந்த அஞ்சு நிமிஷத்துல அஞ்சு தகட்டை எப்படிப் பார்த்தீங்க?"

ஊசியக்கா தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். மேலே மின்விசிறி கிரீச்சிட்டது.

"அந்த அஞ்சு தகட்டையும் பார்த்தீங்களா, இல்லையா?"

"நான் பார்க்கல."

பாப்பா இதற்காக இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள். இருபது நிமிஷத்தில் கனி தானாக மடியில் விழுந்துவிட்டது.

"சாட்சி தான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதை அப்படியே பதிவு பண்ணும்படி கேட்டுக்கறேன்" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "கடைசியா ஒண்ணு. அந்த டீச்சரைத் தெரியுமா?"

"தெரியும். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பேன். முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

"எதுக்குப் போறீங்க? குற்ற உணர்ச்சியா?"

"ஆட்சேபிக்கிறேன்!" எதிர்த்தரப்பில் யூனியன் வக்கீல் எழுந்தார். எழுந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. பாவம், அறுபத்தைந்து வயதில் ஒரு நாளைக்கு நாலு கோர்ட் ஏறி இறங்குகிறவர்.

"கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று பாப்பா உட்கார்ந்தாள். வாபஸ் வாங்கினாலும் விழுந்த அடி விழுந்ததுதான் என்று அவளுக்குத் தெரியும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா? சொல்லணும்னா இப்போ சொல்லுங்க."

ஊசியக்கா ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். யாரையோ தேடுகிறாள் என்று தோன்றியது.

"பெரியவர் வருவாராம்மா?"

"நாளைக்கு வருவார்" என்றாள் பாப்பா. "நிர்வாகத் தரப்புச் சாட்சியா."

"உங்க தரப்புலயா?"

"ஆமா."

ஊசியக்காவின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா."

குற்றவாளியின் பயம் என்று பாப்பா அதைக் குறித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது.

வராந்தாவில் அண்ணன் அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். கண் கலங்கியிருந்தது. "முடிஞ்சது பாப்பா. அவ வாயாலயே வரவச்சுட்டியே!"

"நாளைக்கு அப்பா நல்லபடியாச் சொல்லணும்ணா. பத்து மணிக்கு அவரோட பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் பண்ணணும். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். சாயங்காலம் வர்றேன்."

"நான் வேணா கையெழுத்து வாங்கி அனுப்பிடறேனே. உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"இல்ல, அவர் படிக்கிறப்போ நான் பக்கத்துல இருக்கணும். குறுக்கு விசாரணையில ஏதாவது கேட்டா முழிக்கக் கூடாது."

அண்ணன் எதையோ சொல்ல வந்து விழுங்கினான். அப்போது அவள் அதைக் கவனித்தாளே தவிர, நிறுத்திக் கேட்கவில்லை.

*

கீழே லேப், மாடியில் வீடு. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பாப்பா போனபோது காத்திருக்கும் நாற்காலிகள் முக்கால்வாசி காலி. டீச்சர் விஷயம் வெளியே கசிந்ததிலிருந்து இப்படித்தான். மைக்ராஸ்கோப்பின்மேல் உறை போட்டு மூடியிருந்தது.

மாடியில் அப்பா ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தார். எழுபத்தாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் பொறுப்பையெல்லாம் அண்ணனிடம் ஒப்படைத்து முறைப்படி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வழக்குக்கு முன்வரை தினமும் மத்தியானம் கீழே இறங்கிப்போய் ஒரு மணி நேரம் லேபில் உட்கார்ந்துவிட்டு வருவார். அங்கே எல்லாருக்கும் அவர் பெரியவர்.

"பாப்பாவா? வா, வா. கத்தரி நல்லா வெட்டிச்சாமே இன்னைக்கு?" என்று சிரித்தார்.

"அண்ணன் அதுக்குள்ள சொல்லியாச்சா?"

அண்ணி டீ கொண்டுவந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து, கப்பை அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனாள். மாமனாருக்கு எவ்வளவு கவனிப்பு என்று பாப்பா நினைத்துக்கொண்டாள்.

டீயைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். "இந்தாங்கப்பா. நிதானமாப் படிங்க. மாத்தணும்னா சொல்லுங்க, இப்பவே மாத்திடலாம்."

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காகிதத்தைக் கைநீளத்தில் பிடித்தார். முதல் பக்கத்தைப் படித்துத் திருப்பினார். இரண்டாவது பக்கம். நடுவில் ஓர் இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்றாவது பக்கம்.

"நல்லா எழுதியிருக்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம். பேனாவைக் குடு."

பேனாவுக்காகப் பைக்குள் கைவிட்ட பாப்பா, மடியில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். அப்பாவின் பிரமாணப் பத்திரம் அவள் மடியிலேயே இருந்தது.

அப்படியானால் அப்பா கையில் இருப்பது?

எட்டிப் பார்த்தாள். ஊசியக்காவின் வழக்கு மனு. இரண்டுக்கும் ஒரே நீலக் கிளிப். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டாள். 'நிர்வாகத்தார் தங்கள் தவறை மறைக்க, ஏழைத் தொழிலாளியான என்மீது பொய்ப்பழி சுமத்தி...' என்று பெரிய எழுத்தில் தொடங்கும் மனு.

அப்பா கையை நீட்டியபடி பேனாவுக்குக் காத்திருந்தார்.

பாப்பா பேனாவை எடுக்கவில்லை. "மூணாவது பத்தியில தேதி சரியா இருக்காப்பா?"

அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு."

அந்தப் பக்கத்தில் தேதி என்று எதுவுமே இல்லை.

"அப்பா... அது நான் எழுதினது இல்ல. ஊசியக்கா நம்ம மேல போட்ட மனு."

வாசலில் கப்பை எடுக்க வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். அப்பா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார்.

"எத்தனை நாளாப்பா?"

அப்பா மடித்த கண்ணாடியின் காலை விரலால் தடவினார்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். நடுவுல புகை மாதிரி. எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. சுத்தியிருக்கிறதெல்லாம் தெரியும். நடக்கிறேன், படி இறங்கறேன், யாருக்கும் சந்தேகம் வரல. உன்னைப் பார்த்தா உன் காதுத் தோடு தெரியுது, தோள் தெரியுது. முகம் தெரியல."

"டாக்டர்கிட்ட போகலியா?"

"போனா இனிமே மைக்ராஸ்கோப்பைத் தொடாதேம்பான்."

பாப்பா அவர் பக்கம் குனிந்தாள். "அந்தத் தகடெல்லாம் நீங்கதான் பார்த்தீங்களா?"

"அவ மத்தியானம் வீட்டுக்குப் போவா இல்ல, அந்த நேரத்துல நான் உட்காருவேன். வந்ததும் நான் சொல்லச் சொல்ல அவ டைப் அடிப்பா. எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராதே. இருபது வருஷமா நான் பார்த்ததைத் திருப்பிப் பார்க்கணும்னு அந்த லேப்ல யாருக்கும் தோணினது இல்ல. அவளுக்கும் தோணல."

"தெரியாம எப்படிப்பா சொன்னீங்க?"

"முதல்ல ஓரக்கண்ணால சமாளிச்சேன். அப்புறம் நிறத்தை வச்சு. அப்புறம்..." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்புறம் பழக்கத்துல சொன்னேன்."

பழக்கத்துல. டீச்சரின் ரத்தத்தைப் பழக்கத்தில் பார்த்திருக்கிறார்.

"அவளுக்கு எப்போ தெரிஞ்சது?"

"அவ வேலையில இருந்த கடைசி வாரம். தகட்டைக் குப்புற வச்சுட்டுப் பார்த்துட்டிருந்தேன். வந்தவ ஒண்ணும் பேசல. எடுத்துத் திருப்பி வச்சா. மறுநாள்லேர்ந்து மத்தியானம் வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டு அவளே பார்க்க ஆரம்பிச்சா. கடைசியா வந்த அஞ்சு தகடு மட்டும் அவ பார்த்தது."

முப்பத்திரண்டில் சரியாக இருந்தவை ஐந்து. பாப்பா அந்த ஐந்தையும் 'தற்செயல்' என்று தன் வாதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"பழசையெல்லாம் திருப்பிப் பார்க்கணும் பெரியவரேன்னு சொன்னா. ஒரு வாரம் பொறு, என் பையன்கிட்ட நானே சொல்றேன்னு வாக்குக் குடுத்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துடுச்சு."

"வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தான். அண்ணியின் முகத்தையும் பாப்பாவின் முகத்தையும் பார்த்தவுடனே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"நான் கேட்கல."

"தெரியுமான்னு கேட்டேன்."

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் கேட்கல!" அவன் குரல் உடைந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "ஓய்வு பெற்ற மனுஷன், அதுவும் கண்ணு தெரியாதவர், தகடு பார்த்தார்னு வெளியே போனா நாளைக்கே லேபுக்குப் பூட்டு. கீழே பதினோரு பேர் வேலை செய்யறாங்க. அந்த டீச்சர் வீட்டுக்காரங்க அப்பாவைச் சும்மா விடுவாங்களா? இந்த வயசுல இவரைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார வைக்கச் சொல்றியா?"

"அதுக்கு அவளை உட்கார வச்சுட்டியா?"

"வழக்கு முடியட்டும். அவளுக்கு வேற எங்கேயாவது நானே பார்த்து..."

"மோசடின்னு தீர்ப்பு வாங்கினவளை எந்த லேப்லண்ணா சேர்த்துப்பாங்க? அவ தொட்ட ஊசிக்குக் கையை நீட்டுவாங்களா?"

பாப்பா மடியில் இருந்த பத்திரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் பத்திரத்தை நான் தாக்கல் பண்ண மாட்டேன். பொய்னு தெரிஞ்சு பண்ணா நான் போட்டிருக்கிற கவுனுக்கு அர்த்தம் இல்ல."

"சரி, நீ விலகிக்கோ. நாளைக்கே வேற வக்கீல் வருவார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாம தாக்கல் பண்ணுவார்." அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினான். "கட்சிக்காரன் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. நீதான் எனக்குச் சொல்லியிருக்க."

அது உண்மை. அவள்தான் சொல்லியிருந்தாள். தான் இருந்தாலும் பொய் ஏறும், போனாலும் ஏறும். எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் சுவர் இடித்தது.

"அவ இன்னைக்கு என்ன சொன்னா?" அப்பா திடீரென்று கேட்டார்.

"யாரு?"

"அவதான். கூண்டுல."

பாப்பாவுக்குக் காலை முழுவதும் கண்முன்னே ஓடியது. 'டைப் பண்ணது நான்தான், ஆனா...' 'எழுத்துப்படி என்னோடது.' 'பெரியவர்தான் போயிட்டு வான்னு...' ஒவ்வொரு தடவையும் அந்த வாய் எதையோ சொல்லத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாப்பாதான் நறுக்கியிருக்கிறாள். கடைசியில் ஊசியக்கா 'நான் பார்க்கல' என்று அந்த 'நான்'மேல் அழுத்திச் சொன்னதை, குற்ற ஒப்புதல் என்று பதிவும் செய்ய வைத்தாயிற்று.

"'நான் பார்க்கல'ன்னு சொன்னா."

"அவ்வளவுதானா? என் பேரைச் சொல்லலியா?"

"சொல்லலப்பா. நீங்க வருவீங்களான்னு கேட்டா."

"சொல்லியிருக்கலாமே." அப்பாவின் குரலில் இருந்தது கோபம் இல்லை. ஏமாற்றம். "அவ சொல்லிட்டான்னா, ஆமான்னு நான் சொல்லிடுவேன். எட்டு மாசமாக் காத்துக்கிட்டிருக்கேன் பாப்பா. நானா ஆரம்பிக்க வாய் வரல."

ஊசியக்காவும் இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். பெரியவரே சொல்லட்டும் என்று. பாப்பாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது?

அண்ணன் எழுந்து அவள் மடியில் இருந்த பத்திரத்தை எடுத்தான். அப்பாவின் விரலைப் பிடித்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் வைத்தான். பேனாவைக் கொடுத்தான்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் பாப்பா.

அவர் பேனாவைப் பிடித்தபடி சிறிது நேரம் இருந்தார். பிறகு போட்டார். அதே பழைய கையெழுத்து. வளைவு, சுழிப்பு, அடியில் ஒரு கோடு. ஆனால் கை இடம் நழுவி, கையெழுத்து மேலேறி, 'இவையனைத்தையும் நான் நேரில் கண்டு அறிவேன்' என்ற வரியின்மேலேயே விழுந்திருந்தது.

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

பாப்பாவின் போன் அடித்தது. யூனியன் வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த நேரத்தில் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து எடுத்தாள்.

"கத்தரிம்மா, நான்தான்..." இருமல். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் கட்சிக்காரி வழக்கை வாபஸ் வாங்கிக்கறாங்களாம். நாளைக்குப் பத்து மணிக்கு மனு போடறேன். உங்க தரப்புல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"ஏன்?"

"நானும் மணிக்கணக்கா அதைத்தான் கேட்டேன். இன்னைக்கு அடி பலம்தான், ஆனா நாளைக்குப் பெரியவரைக் குறுக்கு விசாரணை பண்ணா ஏதாவது கிடைக்கும்னு தலைகீழா நின்னு பார்த்தேன். கேட்கல. 'பதினாலு வருஷம் கூட வேலை பார்த்தவர் பொய் சொல்றதைப் பக்கத்துல நின்னு கேட்க என்னால முடியாது சார்'ங்கறாங்க. என்ன பொய்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு ஏதாவது விளங்குதா?"

பாப்பா கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கீழே தெருவில் கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் சார்."

"அப்போ காலையில பார்ப்போம். எப்படியோ, ஜெயிச்சுட்டீங்க. வாழ்த்துக்கள்."

போன் அணைந்தது.

"யாரு?" என்றான் அண்ணன்.

"யூனியன் வக்கீல். அவ வழக்கை வாபஸ் வாங்கறாளாம்."

அண்ணன் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகையா நிம்மதியா என்று பார்க்கப் பாப்பாவுக்கு மனமில்லை.

"அப்போ நாளைக்கு நான் வர வேண்டாமாம்மா?" என்று கேட்டார் அப்பா.

அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதி அவளை அறைந்தது. பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்த பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது அது. வாழ்நாள் முழுவதும் இந்த மனிதரைப் பார்த்துத்தான் அவள் நிமிர்ந்து நின்றிருக்கிறாள்.

"வர வேண்டாம்பா" என்றாள்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தை நீட்டினான். "இது இனிமே தேவையில்ல. கிழிச்சுப் போட்டுடு பாப்பா."

அவள் வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. வரியின்மேல் விழுந்திருந்த கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள். இரண்டாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அது எதுக்கு உனக்கு?" அண்ணனின் குரல் மாறியிருந்தது.

எதற்கு என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே அண்ணன் இறங்கி வரும் சத்தம் கேட்டது.